பேச்சிப்பாறைக்கு அடிக்கணக்கு உண்டு... பி.ஜி.பி.க்கு?

மழைக்காலம் வந்துவிட்டால் குமரி மாவட்டச் செய்திப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி தவறாமல் வரும். பேச்சிப்பாறை இத்தனை அடி, பெருஞ்சாணி இத்தனை அடி, வரத்து இத்தனை கனஅடி, வெளியேற்றம் இத்தனை. பேச்சிப்பாறைக்கு 48 அடி, பெருஞ்சாணிக்கு 77 அடி முழு அளவு என்பது ஊருக்கே மனப்பாடம். ஷட்டரைச் செய்தது எந்தக் கம்பெனி என்று தோவாளை விவசாயி கேட்பதில்லை.

ரவுட்டர்களுக்கும் இப்படி ஒரு பொதுக் கணக்கு வேண்டும். எந்தக் கம்பெனிப் பெட்டியாக இருந்தாலும் ஒரே பெயரில், ஒரே அளவில் நிலவரம் சொல்ல வேண்டும். அதற்குத்தான் எஸ்.என்.எம்.பி.யின் மிப் அட்டவணைகளும், பின்னால் வந்த யாங் மாதிரிகளும்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தைப் பாருங்கள். எஸ்.என்.எம்.பி. ஓர் அலகில், மின்னஞ்சலோடும் டி.என்.எஸ்.ஸோடும் உட்கார்ந்திருக்கிறது. ஓ.எஸ்.பி.எஃப்., பி.ஜி.பி. இரண்டும் வேறொரு அலகில். நடுவில் பாலமே கிடையாது! பொறியியல் கல்லூரிக்குப் பஞ்சமில்லாத இந்த மாவட்டத்தில் இரண்டையும் தனித்தனியாக நெட்டுருப் போட்டுத் தேறி வெளியே வருகிறார்கள்.

அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்கிறீர்களா?

ஓ.எஸ்.பி.எஃப். மிப்பில் பக்கத்து ரவுட்டரின் நிலை ஓர் எண். 1 என்றால் விழுந்துவிட்டது, 8 என்றால் முழு உறவு. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் ஸ்கிரிப்ட் எழுதுகிறார்: 8 இல்லையென்றால் அலாரம். விடிய விடிய அலாரம் அடிக்கும். ஒரே ஈதர்நெட்டில் தலைமை ரவுட்டரும் துணைத் தலைமையும் தவிர மற்றவை தங்களுக்குள் 4-லேயே நின்றுவிடும். அது கோளாறே அல்ல. பி.ஜி.பி.யில் இன்னும் வேடிக்கை. 'ஆக்டிவ்' என்ற நிலையின் எண் 3. பெயரைப் பார்த்து மகிழ்ந்தால் போச்சு, இணைப்பு இன்னும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். 6 வந்தால்தான் இணைப்பு.

சரி, மாதிரியை எழுதியவர்களாவது ஒழுங்காகச் செய்தார்களா? 1994-ல் வந்த பி.ஜி.பி. மிப்பை 2006-ல் ஆர்.எஃப்.சி. 4273 ஆகப் புதுப்பித்தார்கள். அப்போதும் பக்கத்து ரவுட்டரை அடையாளம் காட்ட ஐ.பி.வி.4 முகவரி மட்டும்தான். ஐ.பி.வி.6 அண்டை வீட்டுக்காரர் அந்த அட்டவணையில் பிறக்கவே இல்லை! ஏ.எஸ். எண்ணுக்கு 65535 வரைதான் இடம். மறு ஆண்டே நான்கு பைட் எண்ணுக்கான ஆர்.எஃப்.சி. வந்துவிட்டது. சிஸ்கோ ஒரு தனி மிப், ஜூனிப்பர் இன்னொன்று என்று அவரவர் வழியில் போனார்கள். பொதுக்கணக்கு போயே போச்சு.

"கமாண்ட் தெரிந்தால் போதும், வேலை கிடைக்கும்" என்பவர்கள் உண்டு. கமாண்டின் வெளியீடு மனிதக் கண்ணுக்கானது. அடுத்த வெர்ஷனில் ஒரு வரி மாறினால் அதை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் படுத்துவிடும். 2002-ல் ஐ.ஏ.பி. கூட்டிய பட்டறையிலேயே, அமைப்பு வேறு, நடப்பு நிலை வேறு, இரண்டையும் தெளிவாகப் பிரியுங்கள் என்று நெட்வொர்க் நடத்துபவர்கள் கேட்டார்கள். ஷட்டரை எவ்வளவு திறக்கச் சொன்னார்கள் என்பது வேறு, கடைமடைக்குத் தண்ணீர் வந்ததா என்பது வேறு. யாங் மொழி 2010-ல் வந்தது; அதில் ஓ.எஸ்.பி.எஃப்.புக்கான மாதிரி ஆர்.எஃப்.சி. ஆக 2022 ஆயிற்று. ஆமை வேகம்தான். அதற்காகப் படிக்காமலே விட்டுவிடுவதா?

தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளைக் கண்ணாடி இழையால் இணைக்கிற வேலை டான்ஃபிநெட்டின் கையில். குமரியின் ஊராட்சிகளும் அதில் உண்டு. ஒரு கிராமத்தின் இணைப்பு அறுந்ததை அங்கிருந்து போன் வந்த பிறகு தெரிந்துகொள்வதா, அதற்கு முன்பா? கருவி வாங்கும்போது "எஸ்.என்.எம்.பி. உண்டா" என்று கேட்டால் எல்லாக் கம்பெனியும் உண்டு என்றுதான் சொல்லும். எந்த மாதிரி, எந்த அட்டவணை, ஐ.பி.வி.6 தெரியுமா என்று கேட்கத் தெரிந்த ஆள் மேஜைக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

கல்லூரிகளுக்குச் செலவே இல்லாத வேலை இது. இரண்டு பழைய லினக்ஸ் கணினிகள், நடுவே ஒரு சுவிட்ச், இலவசமாகக் கிடைக்கும் எஃப்.ஆர்.ரவுட்டிங், நெட்-எஸ்.என்.எம்.பி. மறுமுனைக் கேபிளைப் பிடுங்கிவிட்டு 8 எப்போது மாறுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இயல்பான அமைப்பில் 40 நொடி வரை அசையாது. ஏன் என்று மாணவர்களே தேடிக்கொள்ளட்டும். லேப் நேரத்தில் ஒரு பிற்பகல் ஒதுக்கினால் போதும்.