வீட்டுக்கு ஒரு வெல்டிங் மிஷின் தேவையா?



ஆண்டு மலருக்குக் கவிதை ஒன்று கொடு என்றார் பேரவைச் செயலாளர் அண்ணன். எனக்குக் கவிதை வராது. வெல்டிங் கொஞ்சம் வரும். எனவே அதைப் பற்றியே என் கருத்தை எழுதுகிறேன். திட்ட நினைப்பவர்கள் இயந்திரவியல் இரண்டாம் ஆண்டு வகுப்புக்கு வந்து நேரிலேயே திட்டலாம்!

நம் ஓசூர் இரும்பில் வாழும் ஊர். 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் வெளிவந்தது. அசோக் லேலண்ட் லாரி இங்கே உருவாகிறது. 2021-ல் போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா மின் ஸ்கூட்டர் ஆலையும் வந்துவிட்டது. டிப்ளமோ முடித்ததும் இப்படி ஏதாவது ஒரு கேட்டுக்குள் நுழைய வேண்டும் என்பதுதான் நம் எல்லோருடைய கனவும். ஆனால் நம்மில் எத்தனை பேர் ஒழுங்காக ஒரு ஜாயின்ட் போடுவோம்? முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பில் ஆளுக்கு இரண்டு ராடு எரித்தோம். அதில் ஒன்று தகட்டில் ஒட்டிக்கொண்டது. ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதோடு வெல்டிங்குக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டோம். ‘இப்ப எல்லாம் ரோபோ பண்ணுதுடா’ என்கிறார்கள் நண்பர்கள். சரி, ரோபோ போட்ட ஜாயின்ட் நல்லதா கெட்டதா என்று யார் பார்ப்பது? கை அறியாததைக் கண் கண்டுபிடிக்குமா?

ஆகவே, ஆர்வமுள்ள மாணவன் வீட்டில் சின்னதாக ஒரு வெல்டிங் மிஷின் வைத்துக்கொள்ளலாம் என்பதே என் கருத்து. முன்பெல்லாம் இது நடக்கிற காரியமில்லை. பட்டறையில் இருக்கும் டிரான்ஸ்பார்மர் மிஷினை இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடியும். இப்போது இன்வெர்ட்டர் மிஷின் வந்துவிட்டது. டிபன் கேரியர் மாதிரி ஒற்றைக் கையில் தூக்கலாம். விலையும் ஒரு சாதாரண செல்போன் விலைக்குள் அடங்கிவிடுகிறது.

கடைக்குப் போனால் முதல் கேள்வியே, “தம்பி, 200 ஆம்பியரா, 250 ஆம்பியரா?” என்பதுதான். பெரிய நம்பர் என்றால் பெரிய மிஷின் என்று நாமும் மயங்கிவிடுகிறோம். தோழர்களே, இங்கேதான் நாம் படித்த படிப்பைப் பயன்படுத்த வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ராடு வெல்டிங்கில் 200 ஆம்பியர் ஓடும்போது ஆர்க்கின் வோல்டேஜ் சுமார் 28. பெருக்கினால் 5.6 கிலோவாட். மிஷினில் வீணாவதையும் சேர்த்தால் கம்பத்திலிருந்து வர வேண்டியது ஆறரை கிலோவாட்டுக்கும் மேல். அதாவது 230 வோல்டில் 28 ஆம்பியருக்குக் குறையாது. பவர் ஃபேக்டரையும் கணக்கில் எடுத்தால் இன்னும் ஏறும். நம் வீட்டு பிளக்கோ 15 ஆம்பியர்! மிஷின் மேல் 200 என்று எழுதியிருந்தாலும் அந்த 200 நம் வீட்டுக்குள் வரவே வராது.

நமக்குத் தேவையும் அவ்வளவு இல்லை. ஜன்னல் கிரில், நாற்காலிக் கால், மாட்டுக்கொட்டகை கேட், சைக்கிள் ஸ்டாண்டு, இதுதானே வீட்டு வேலை? இதற்கு 2.5 மில்லிமீட்டர் ராடு போதும். பட்டறைக்காரர்கள் 12 கேஜ் என்பார்கள். அதற்கு 60 முதல் 90 ஆம்பியர். 80-ல் வைத்து ஓட்டினால் கம்பத்திலிருந்து இழுப்பது இரண்டே கால் கிலோவாட் அளவு. நல்ல வயரிங் உள்ள 15 ஆம்பியர் பிளக் இதைத் தாங்கும். அதற்கும் முன்னால் மின் கட்டண ரசீதில் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த சுமை எவ்வளவு என்று பாருங்கள். ஒரு கிலோவாட் என்று இருந்தால் கூட்டி வாங்கிவிட்டுத்தான் மிஷினில் கை வைக்க வேண்டும்.

ஆம்பியர் நம்பரை விட டியூட்டி சைக்கிள் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். 60 சதவீதம் என்றால் பத்து நிமிடத்தில் ஆறு நிமிடம் ஓட்டலாம், நான்கு நிமிடம் ஆற விட வேண்டும். கடைக்காரர் முழித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் வாங்கினால் வரி மிச்சம் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். அது பழைய கதை. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே வரிதான். ரிப்பேர் வந்தால் எந்தக் கடைக்கு பஸ் ஏற வேண்டும் என்று மட்டும் யோசியுங்கள். ராடு பொட்டலத்தில் ஐ.எஸ். 814 என்று போட்டிருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள்.

இனி என் மனதில் உள்ள விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். அப்பா ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் ஹெல்பர். அம்மா பாகலூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டத்தில் பூப்பறிக்கிறார். எங்கள் வீட்டில் ‘ஹாபி’ என்ற சொல்லே கிடையாது. “இதுல காசு வருமா?” என்பதுதான் அம்மாவின் முதல் கேள்வி. வராது என்றேன். “கையில கரி படாம உக்காந்து வேலை பாக்கணும்னுதானடா படிக்க வெக்கறோம்? நீ மறுபடியும் அந்த நெருப்புக்கிட்டயே போறியே!” என்றார்.

அம்மா சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. பல இரவுகளில் அப்பா கண்ணில் மணல் கொட்டியதுபோல் துடித்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஹெல்பர் என்றால் வெல்டருக்கு ஜாப்பைப் பிடித்துக்கொடுப்பவர். வெல்டர் கையில் கறுப்புக் கண்ணாடி இருக்கும். பிடிப்பவருக்கு ஒன்றும் இருக்காது. முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். அக்கம்பக்கத்தில் உருளைக்கிழங்கு வெட்டி வை, தாய்ப்பால் விடு என்பார்கள். புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிட்டதற்கு உருளைக்கிழங்கு என்ன செய்யும்? பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் அது தானாக ஆறுகிறது. கிழங்குக்குப் பெயர் கிடைக்கிறது. ஆறாவிட்டால் கண் டாக்டரிடம் ஓட வேண்டும். வெல்டிங் புகையையும் அதன் புற ஊதாக் கதிரையும் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017-ல் முதல் வகுப்பிலேயே சேர்த்துவிட்டது. இதை அப்பாவுக்குச் சொல்ல யார் இருந்தார்கள்?

அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: அப்பா கையில் கரி பட்டது தப்பில்லை, அப்பா கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் போனதுதான் தப்பு. படிப்பு என்பது நெருப்பை விட்டு ஓடுவதற்கா, நெருப்புக்குப் பக்கத்தில் எப்படி நிற்பது என்று தெரிந்துகொள்வதற்கா? நான் படித்தவன் என்றால் அந்த மிஷினை அப்பாவை விடப் பாதுகாப்பாக ஓட்ட வேண்டும். அவ்வளவுதானே! (அம்மா முழுதாகச் சம்மதிக்கவில்லை. ஆனால் காசு கொடுத்தார்.)

எனவே கையில் இருக்கும் பணம் முழுவதையும் மிஷினிலேயே கொட்டாதீர்கள். தலையில் மாட்டும் முகக்கவசம், நம் ஆம்பியருக்கு 10-ஆம் நம்பர் கண்ணாடி. அதுவும் இரண்டு செட், கூட நிற்பவருக்கும் சேர்த்து. தோல் கையுறை, பருத்திச் சட்டை, ஷூ. நைலான் டி-ஷர்ட்டும் ஹவாய் செருப்புமாக உட்கார்ந்தால் பொறி விழுந்து உருகி உடம்போடு ஒட்டும். மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டவே வேண்டாம். ரீலில் சுற்றியபடியே ஓட்டினால் வயர் சூடாகி உறையே இளகிவிடும். எர்த் கிளாம்ப்பை ஜாயின்ட்டுக்குப் பக்கத்திலேயே, துருவைச் சுரண்டிவிட்டு மாட்டுங்கள். ஈரத் தரையில் உட்காராதீர்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைகள் வேடிக்கை பார்க்க வரும். ஒரு தகரத்தை மறைவாக நிறுத்துங்கள்.

நம் பகுதிக்கென்றே இரண்டு ஆபத்துகள் உண்டு. ஒன்று, பசுமைக்குடில் பைப். தளி, பாகலூர், பேரிகை எங்கும் அது ஜி.ஐ. பைப்தான். அதன் மேல்பூச்சு துத்தநாகம் 907 டிகிரியிலேயே ஆவியாகிவிடும். இரும்பு உருகவோ சுமார் 1500 டிகிரி வேண்டும். அப்படியானால் ஜாயின்ட் விழும் முன்பே வெள்ளைப் புகை வருகிறது. சாயங்காலம் குளிர்காய்ச்சல் வந்து நடுங்குவார்கள், ‘பனி ஒத்துக்கல’ என்பார்கள். பூச்சை அரத்தால் நீக்கிவிட்டு, திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கமாகவோ பக்கவாட்டிலோ அடிக்கும்படி உட்கார்ந்துதான் பற்றவைக்க வேண்டும். மற்றொன்று, கம்பெனியிலிருந்து வரும் பழைய பீப்பாய். தண்ணீர்த் தொட்டியாக்கலாம் என்று வாங்குவார்கள். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. அதையும் பெட்ரோல் டேங்கையும் மட்டும் தொடாதீர்கள், எவ்வளவு நெருங்கிய சொந்தக்காரர் கொண்டுவந்தாலும் சரி.

கற்றுக்கொள்வது கடினமில்லை. காயலான் கடையில் கால் அங்குலத் தகடு வாங்குங்கள். கேட், கிரில் எல்லாம் பிறகு. முதலில் வெறும் தகட்டின் மேல் கோடு கோடாகப் போடுங்கள். ராடு நுனிக்கும் தகட்டுக்கும் இடைவெளி ராடின் பருமன் அளவுதான். சரியாக இருந்தால் எண்ணெயில் வடை பொரிகிற சத்தம் கேட்கும். பட்பட் என்று வெடித்தால் தூரமாகிவிட்டது, ஒட்டிக்கொண்டால் கிட்டப் போய்விட்டது அல்லது ஆம்பியர் பத்தவில்லை. கசடைச் சுத்தியால் தட்டும்போதும் கண்ணாடி வேண்டும். முதல் இரண்டு பாக்கெட் ராடு வீண் செலவு போலத்தான் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய சதுரக் குழாயில் ஓட்டை விழாமல் போட வருவதற்கு எனக்கு நான்கு மாதம் ஆயிற்று.

கை தேறியதும் காசுக்கு வேலை கேட்டு வருவார்கள். வீட்டு மின் இணைப்பில் தொழில் செய்தால் 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி நடவடிக்கை உண்டு. தொழில்தான் என்றால் தனி இணைப்பு வாங்கிச் செய்யுங்கள், அதில் கேவலம் ஒன்றுமில்லை. திருச்சியில் பெல் நிறுவனத்தோடு 1975-லேயே வெல்டிங்குக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்படுத்தியிருக்கிறார்கள் என்பதை, ‘டிப்ளமோ படிச்சிட்டு வெல்டிங்கா?’ என்று கேட்கும் உறவினர்களிடம் சொல்லுங்கள்.

எல்லோராலும் தனியாக வாங்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாங்கலாம். இல்லையென்றால் நம் பேரவையே வாங்கலாமே! ஆண்டு விழா மேடை விளக்குச் செலவில் கொஞ்சம் குறைத்தால் ஒரு சிறிய இன்வெர்ட்டர் மிஷின் வந்துவிடும். ஒர்க்‌ஷாப் சாரிடம் கேட்டு சனிக்கிழமை மதியங்களில் ஓட்டலாம். வாங்குவதானால் என் ஒரே வேண்டுகோள்: மிஷின் ஒன்று, முகக்கவசம் நான்கு. அதில் ஒன்று, ஜாப்பைப் பிடிப்பவனுக்கு.