சங்கு குளிக்கிறவரும் பாடம் நடத்தட்டும்!

 

ஒவ்வொரு வருடமும் செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை சர்வதேச கடற்கரைத் தூய்மை தினம். பசுமைப்படை மாணவர்களைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க. கையில சாக்கு. குப்பை பொறுக்குவோம், உறுதிமொழி எடுப்போம், போட்டோ எடுப்பாங்க, வந்துடுவோம். நல்ல வேலைதான். ஆனா கடலைப் பத்தி என்ன தெரிஞ்சுகிட்டோம்?

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை 21 தீவுகள். 1986-இல் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். அதில் நம்ம பக்கம் இருந்த விலாங்குச்சல்லி கடலுக்குள் மூழ்கிவிட்டது. வான் தீவும் தேய்ந்துகொண்டே வந்ததால், அதைக் காப்பாற்ற செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

ஏன் இப்படி என்று கேட்டால், "மீனவர்கள் பவளப்பாறையை வெட்டினார்கள்" என்று ஒரே வரியில் பதில் வரும். வெட்டினது உண்மைதான். ஆனா அந்தச் சுண்ணாம்பு மீனவர் குடிசைக்கா போச்சு? காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் தொழிற்சாலைக்கும் போச்சு. வெட்டினவருக்குக் கிடைத்தது கூலி மட்டும். 2001-இல் பவளப்பாறைக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு, பாறைதான் நமக்கு அரண் என்று புரிந்து, வெட்டுவதும் நின்றது. நிறுத்தினதும் நம்ம ஊர்க்காரர்கள்தான்! அதை யாரும் சொல்றதில்லை. 2010-லும் 2016-லும் கடல் சூடாகி, பவளம் வெளுத்துச் செத்தது. அதை எந்த மீனவர் செய்தார்?

அந்த ஒரு வரியைக் கேட்கும்போது வகுப்பில் தலை குனிந்து உட்கார்வது எங்க தெருப் பிள்ளைகள்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

நம்ம கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்தப் பாரில் என்ன கிடக்கும், நீவாடு எந்தப் பக்கம் இழுக்கும், கச்சான் அடித்தால் தண்ணி எப்படிக் கலங்கும் என்று அவங்களுக்குத் தெரியும். "படிக்காதவர் என்ன பாடம் நடத்துவார்?" என்று சிலர் கேட்கலாம். நாம படத்துல பார்க்கிற பாறையை அவர் கையால தொட்டுப் பார்த்தவர். பாறையை வெட்டின கதையையும் அவர் வாயாலேயே சொல்லட்டும். மனசுல பதியும்.

அதிகாரி பேசட்டும், ஆராய்ச்சியாளரும் பேசட்டும். அவங்க பக்கத்துல ஒரு நாற்காலி போட்டு, சங்கு குளிக்கிற ஒருத்தரையும் உட்கார வைக்க வேண்டும் என்று ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நீங்க என்ன நினைக்கிறீங்க? எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன், ஒட்டுங்க.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி