வயல் இங்கே, வாயிற்கதவு அங்கே!

தோழனே!

ஆடிப்பட்டம் தேடி விதை என்றனர் முன்னோர். பட்டம் பார்த்தான் உழவன், மழை பார்த்தான், மண்ணின் ஈரம் பார்த்தான், மணிலாவை உடைத்து விதைத்தான். அவன் பாராத ஒன்று உண்டு. பார்க்க முடியாத ஒன்று. டில்லியிலே நிதியமைச்சகம் வெளியிடும் சுங்கவரி அறிவிப்பு! வானம் பொய்த்தால் விளைச்சல் கெடும். அந்தத் தாள் புரண்டாலோ, விளைந்ததற்கும் விலை கெடும்.

மிகைப்படுத்துகிறேனோ என்று ஐயுறாதே. கணக்கைக் காட்டுகிறேன், நீயே கூட்டிப் பார்.

2024 செப்டம்பரில், சுத்திகரிக்கப்படாத பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றின் மீது இருந்த மொத்த இறக்குமதி வரியை 5.5 விழுக்காட்டிலிருந்து 27.5 விழுக்காடாக உயர்த்தினர். எதற்காக? எண்ணெய் வித்து விளைவிக்கும் உழவனைக் காக்க! நன்று என்றான் உழவன், நம்பினான். ஒன்பது திங்கள் நிறையவில்லை. 2025 மே இறுதியில் அதே வரி 16.5 விழுக்காடாகச் சரிந்தது. எதற்காக? விலைவாசியைத் தணிக்க! மே இறுதி என்பது எந்தக் காலம்? திண்டிவனத்திலும் திருவண்ணாமலையிலும் மானாவாரி மணிலாவுக்கு உழவன் வித்துத் தேடும் காலம்! கையில் வித்தோடு நிற்பவனுக்குக் கிடைத்த வாழ்த்துச் செய்தி அது!

எண்ணெயோடு முடிந்ததா இந்தக் கதை? கோதுமையின் கதையைக் கேள்.

2022 பிப்ரவரியில் மத்திய வேளாண் அமைச்சகம் முன்மதிப்பீடு வெளியிட்டது: 11 கோடியே 13 லட்சம் டன் கோதுமை விளையும் என்று. மார்ச்சு வந்தது. 1901 முதல் எழுதப்பட்டு வரும் வெப்பக் கணக்கில் அதுபோல் கொதித்த மார்ச்சு மாதம் இல்லை. பால் பிடிக்கும் பருவத்தில் கதிர் கருகியது. ஏட்டிலே மட்டும் மணி முற்றியே இருந்தது! உலக வாணிப அமைப்பு இசைந்தால் உலகிற்கே உணவு வழங்க ஆயத்தம் என்று ஏப்ரலில் பிரதமர் முழங்கினார். மே 12ஆம் நாள், ஏற்றுமதியைப் பெருக்க ஒன்பது நாடுகளுக்குத் தூதுக்குழுக்கள் செல்லும் என்று அறிவித்தனர். மே 13ஆம் நாள்? ஏற்றுமதிக்குத் தடை! பின்னர் வந்த மதிப்பீடு, 10 கோடியே 64 லட்சம் டன்.

உக்ரைன் போரால் உலகச் சந்தை ஏறி, குவிண்டாலுக்கு 2015 ரூபாய் என்ற ஆதரவு விலைக்கும் மேலே கோதுமை விற்ற வேளை அது. பல ஆண்டுகளுக்குப் பின் உழவன் முகத்தில் அரும்பிய முறுவல், ஓரிரவில் உதிர்ந்தது. விலை ஏறினால் ஏற்றுமதிக் கதவை அடைப்பர். உள்ளூர் விலை நிமிர்ந்தால் இறக்குமதிக் கதவைத் திறப்பர். இரு கதவுக்கும் இடையில் நசுங்குவது எவன் விரல்?

இங்கேதான் தோழனே, நம் இயக்கம் நெடுநாளாய்க் கேட்டுவரும் கேள்வி எழுகிறது. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையைப் புரட்டு. வேளாண்மை, மாநிலப் பட்டியலில் 14ஆவது இனம். வெளிநாட்டு வாணிபம், மத்தியப் பட்டியலில் 41ஆவது இனம். சுங்கவரி, அதே பட்டியலில் 83ஆவது இனம். விதை கொடுப்பதும், நீர் விடுவதும், வெள்ளம் வந்தால் விடைசொல்வதும் மாநிலம். விளைந்ததன் விலையை அசைக்கும் வாயிற்கதவின் சாவியோ டில்லியின் இடுப்பில்! 2024 செப்டம்பருக்கு முன் அந்த எண்ணெய்கள் மீது இருந்த 5.5 விழுக்காடு வரி முழுவதும் செஸ், சர்சார்ஜ் என்ற பெயர்களில் பெறப்பட்டது. 270ஆவது விதிப்படி, அவ்விரண்டிலும் மாநிலங்களுக்குப் பங்கு இல்லை. வேளாண் கட்டமைப்பின் பெயரால் தண்டப்படும் செஸ்ஸிலும், வேளாண்மையைச் சுமக்கும் மாநிலத்துக்கு உரிமைப் பங்கு கிடையாது!

மாற்றார் கேட்பர்: "ஏழையின் தாளிப்புக் கரண்டிக்கு மலிவு எண்ணெய் வேண்டாமா? உங்கள் நியாயவிலைக் கடையில் தருவதும் பாமாயில்தானே?" ஆம், பாமாயில்தான். மறைக்க என்ன இருக்கிறது? நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் கப்பலில் வருகிறது. அதை ஒரே நாளில் நிறுத்து என்பது அறிவுடைமை ஆகாது. ஏழைக்கு மலிவாகக் கொடுப்பது அரசின் கடமை. அந்த மலிவின் செலவை உழவன் தலையில் மட்டும் கட்டுவது கடமையாகாது. வேறுபாடு அதுதான். நம் நியாயவிலைக் கடையிலேயும் படிப்படியாகக் கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் இடம் தரவேண்டும் என்று உழவர்கள் கேட்கிறார்கள். அதை நாமும் உரத்துக் கேட்போம். நம்மவரிடம் கேட்கத் தயங்கினால் டில்லியிடம் கேட்க வாய் ஏது?

வழி இல்லாமல் இல்லை. 1966இல் ஏறத்தாழ ஒரு கோடி டன் தானியத்துக்குக் கடலைப் பார்த்து நின்ற நாடு இது. அந்த நிலை எப்படி மாறியது? புதிய வித்து வந்தது, நீர் வந்தது. அவற்றோடு, விளைந்தால் இன்ன விலைக்கு எடுத்துக்கொள்வோம் என்ற உறுதியும் வந்தது. அதற்கென 1965இல் பிறந்த இந்திய உணவுக் கழகம், தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது நம் தஞ்சையிலே! நெல்லுக்கும் கோதுமைக்கும் கிட்டிய அந்த உறுதி, மணிலாவுக்கும் எள்ளுக்கும் அந்த அளவில் கிட்டவில்லை. ஆகவே எண்ணெய்க்கு இன்றும் கப்பல்!

நாம் கேட்பவை மூன்றே. விதைப்புக்கு முன் வரியை அறிவி. அறுவடை முடியும் வரை அதை மாற்றாதே. மாற்றியே ஆகவேண்டிய நெருக்கடி நேர்ந்தால், மாநிலங்களைக் கலந்து பேசு. விலை வீழ்ந்தால் ஆதரவு விலைக்கு நீயே கொள்முதல் செய். செஸ்ஸாகத் தண்டும் பணத்தில் மாநிலத்தின் பங்கைக் கொடு. பிரிவினை இதில் இல்லை, பிச்சையும் இல்லை. பாடுபட்டவன் கேட்கும் பங்கு!

அடுத்த தெருமுனைக் கூட்டத்தில் இந்தக் கணக்கை எடுத்துச் சொல். 5.5, 27.5, 16.5 என்ற மூன்று எண்களையும் படிப்பகத்துக் கரும்பலகையில் எழுதி வை. மாநில உரிமை என்பது கோட்டையில் பேசும் சட்ட வாதம் மட்டும் அல்ல. களத்துமேட்டில் மூட்டைக்கு எத்தனை ரூபாய் என்பதும் அதுவே என்று உழவன் உணரட்டும். உணர்ந்தால், சாவி எங்கே என்று அவனே கேட்பான்!