சீனியாரிட்டி லிஸ்டில் ஒரு மான்

போன வருடம் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்ததைப் பற்றி இரண்டு மூன்று பதிவுகள் எழுதியிருக்கிறேன். கொலராடோ மாநிலம், டென்வருக்கு வடக்கே ஒரு சின்ன ஊர். பனி, பேத்தியின் பள்ளிக்கூடம், இட்லி மாவு பொங்காத கதை எல்லாம் எழுதியாயிற்று. ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டிருந்தேன். எழுதினால் கோபமாக வரும் என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டும் கோபம் குறையவில்லை, ஆகவே எழுதிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுக்காரர் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது 68. நல்ல மனிதர். மாலையில் நான் நடக்கப் போகும்போது அவரும் வருவார், முழங்கால் வலியோடு மெல்ல. ஒரு நாள் பேச்சு வாக்கில், "எனக்குப் பதினெட்டுப் புள்ளி இருக்கிறது" என்றார். ஏதோ சர்க்கரை, கொழுப்புக் கணக்கு என்று நினைத்து, "டாக்டர் என்ன சொன்னார்?" என்று கேட்டுவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகுதான் விளக்கினார்.

அவர் சொன்னது எல்க் மான் வேட்டை. நம் கடமானைவிடப் பெரியது. கிடா 300 கிலோவைத் தாண்டும். அமெரிக்காவிலேயே எல்க் அதிகம் உள்ள மாநிலம் கொலராடோதான். அங்கே வேட்டை சட்டப்படி நடக்கிற விஷயம். மாநில வனவிலங்குத் துறை, எந்தப் பகுதியில் எத்தனை விலங்கைச் சுடலாம் என்று வருடாவருடம் எண்ணி, அத்தனை அனுமதிச் சீட்டு மட்டும் கொடுக்கிறது. சீட்டுக்கு டேக் என்று பெயர். சுட்ட விலங்கின் உடம்பிலேயே அதைக் கட்டிவிட வேண்டும். ஒரு டேக், ஒரு மான். (வேட்டை சரியா தவறா என்று கேட்கிறவர்களுக்கு: நம் நாட்டில் 1972 சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் ஊர் வழக்கம் வேறு. எனக்கு இன்று வழக்கு வேட்டையோடு அல்ல, வரிசையோடு.)

சாதாரணப் பகுதிகளில் எல்க் டேக் அந்த மாநிலத்துக்காரருக்குச் சுலபமாகவே கிடைக்கிறது. அவரும் அப்படி வருடாவருடம் போகிறவர்தான். ஆனால் பெரிய கொம்புக் கிடாக்கள் இருக்கும் சில பகுதிகள் உண்டு. வடமேற்கு மூலையில் 2, 10, 201 என்று எண்ணிட்ட பகுதிகளைச் சொன்னால் அங்கே வேட்டைக்காரர்கள், நாம் திருப்பதி என்று சொன்னால் நிமிர்வது போல நிமிர்கிறார்கள். அங்கே டேக் கொஞ்சம், கேட்கிறவர்கள் ஏராளம். ஆகவே ஒரு ஏற்பாடு: விண்ணப்பித்துக் கிடைக்கவில்லையா, உங்கள் பெயரில் ஒரு புள்ளி ஏறும். அடுத்த வருடம் இன்னொன்று. யாருக்குப் புள்ளி அதிகமோ அவருக்கு முதலில் டேக். கிடைத்தவுடன் புள்ளி பூஜ்யமாகிவிடும்.

கேட்டதும் என் மனம் குளிர்ந்தது என்றே சொல்ல வேண்டும். முப்பத்தைந்து வருடம் எல்.டி.சி.யாகவும் யூ.டி.சி.யாகவும் குப்பை கொட்டியவன் நான். சீனியாரிட்டி லிஸ்ட் என்றால் எனக்கு வேதம். காத்திருந்தவனுக்கு முதலில், சிபாரிசுக்கு இடமில்லை, இதைவிட நியாயம் என்ன இருக்கிறது என்று தோன்றியது. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் துறையின் அட்டவணைகளைப் பார்க்க ஆரம்பித்தேன். எத்தனை புள்ளிக்காரர் எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று பகுதி பகுதியாகப் போட்டிருக்கிறார்கள். அந்த வெளிப்படைத்தன்மைக்கு ஒரு சலாம். ஆனால் மூன்று நாள் அதோடு உட்கார்ந்த பிறகு என் வேதம் எனக்கே கசந்துவிட்டது.

கணக்கு இதுதான். ஒரு பகுதியில் வருடத்துக்கு இருபது டேக் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் இரண்டாயிரம் பேர். நூறு வருடம். அவ்வளவுதான் கணக்கு, இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். வரிசை என்பது ரேஷன் கடையில் நகரும், ஏனென்றால் எல்லாருக்கும் அரிசி உண்டு, இன்றில்லாவிட்டால் நாளை. இங்கே மூட்டை இருபது, வந்து நிற்பவர் அதைவிடப் பல மடங்கு. இப்படிப்பட்ட இடத்தில் வரிசை ஒரு வாக்குறுதியே அல்ல. ஆனால் புள்ளி ஏற ஏற அது வாக்குறுதி மாதிரி தெரிகிறது.

அதிலும் ஒரு விபரீதம். போன வருடம் 20 புள்ளிக்கு டேக் கிடைத்தது, என்னிடம் 19 இருக்கிறது, அடுத்த வருடம் எனக்குத்தான் என்று ஒருவர் நினைப்பார். அடுத்த வருடம் அவரிடம் 20 இருக்கும், கோடு 21க்குப் போயிருக்கும். காரணம், அவரோடு கூடவே ஒரு பெரும் கூட்டமும் ஒவ்வொரு படி ஏறுகிறது. மேலே இருப்பவர்களில் பலர் அந்த வருடம் விண்ணப்பிக்காமல் புள்ளியை மட்டும் வாங்கிச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள், முழங்கால் ஆபரேஷன் முடியட்டும், மகளுக்குக் கல்யாணம் ஆகட்டும் என்று. அவர்கள் ஒரு நாள் இறங்கி வந்தால் கோடு இன்னும் மேலே போகும். கானல் நீரைப் பார்த்து நடக்கிறவன் கதைதான். நடை நிஜம், தாகம் நிஜம்.

இந்த நோய் கொலராடோவில் மட்டும் இல்லை. மேற்கு மாநிலங்களில் ஒவ்வொன்றுக்கும் ஒரு தினுசு. நெவாடாவில் வரிசை கிடையாது, குலுக்கல். ஆனால் புள்ளியை அதே எண்ணால் பெருக்கி அத்தனை சீட்டு பானையில் போடுவார்கள். பத்துப் புள்ளி என்றால் நூறு சீட்டு, இந்த வருடத்துக்கு ஒன்று, ஆக நூற்றொன்று. புதியவனுக்கு ஒரே ஒரு சீட்டு. யூட்டாவில் பாதி டேக் அதிகப் புள்ளிக்காரருக்கு, மீதி குலுக்கலுக்கு. அரிசோனாவில் அதிகப் புள்ளிக்காரருக்கு 20 சதவீதம். கொலராடோவிலும் ஒரு ஒட்டுப் போட்டிருக்கிறார்கள்: பத்துப் புள்ளிக்கு மேல் தேவைப்படும் பகுதிகளில் 20 சதவீதம் வரை குலுக்கலுக்கு விடலாம், ஆனால் அதில் பெயர் சேரவே குறைந்தது 5 புள்ளி வேண்டும். வாசலைத் திறந்துவிட்டுப் படியை எடுத்துவிட்டார்கள்!

பணத்தைச் சொல்லாமல் விட்டால் குமாஸ்தா புத்தி ஆறாது. வயோமிங்கில் வெளிமாநிலத்துக்காரர் புள்ளியைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். எல்க்குக்கு வருடம் 52 டாலர், மானுக்கு 41, ப்ராங்ஹார்னுக்கு 31, பெருங்கொம்பு மலையாட்டுக்கு 150, மூஸுக்கு இன்னொரு 150. முதல் மூன்றை மட்டும் ஒருவர் இருபது வருடம் வாங்கினால் 2,480 டாலர். இதில் ஒரு மான்கூட அடங்கவில்லை, ஒரு டேக்கூட அடங்கவில்லை. வெறும் எதிர்பார்ப்பின் விலை. செத்துப்போனால் மகனுக்குப் பாத்தியதை உண்டா என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். கிடையாது, புள்ளியும் நம்மோடு சுடுகாட்டுக்கு வந்துவிடும் என்றார். நம் ஊர்ச் சீட்டுக் கம்பெனிக்காரன்கூட ஓடிப்போவதற்கு முன்னால் இரண்டு பேருக்காவது சீட்டு கொடுத்துவிட்டுத்தான் ஓடினான்.

துறைக்காரர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி போட்டு அந்தப் பணத்தை மாநிலங்களின் வனவிலங்குக் காரியத்துக்குத் தருகிறது. அந்த வரியும் லைசென்ஸ் கட்டணமும் சேர்ந்துதான் அழிந்துபோக இருந்த எல்க்கையும் மலையாட்டையும் மீட்டன. வேட்டைக்காரன் காசில்தான் மான் பிழைத்தது. சரி. ஆனால் காசு வேண்டுமென்றால் காட்டுக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்கு. "உனக்கும் ஒரு நாள் வரும்" என்று சொல்லி வாங்காதே. வராது என்பது உன் அட்டவணையிலேயே இருக்கிறதே!

ஏலம் என்று ஒன்றும் உண்டு. 2013இல் மோன்டானா மாநிலத்தின் ஒரே ஒரு மலையாட்டு டேக் 4,80,000 டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணம் ஆடுகளுக்கே செலவாகிறது என்பதால் நான் அதைத் திருட்டு என்று சொல்ல மாட்டேன். பேருந்து ஓட்டுநருக்கு வரிசை, இவருக்கு வாசல் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம் என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். வகுப்பில் எங்களை உருப்போட வைத்த தேதிகளில் ஒன்று 1789 ஆகஸ்ட் 4. அந்த இரவில் பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தார்கள். என்னென்ன சலுகை என்று பார்த்தால், புறாக்கூடு வைக்கும் உரிமை, அடுத்ததாக வேட்டையாடும் தனி உரிமை. குடியானவன் தன் பயிரை மேயும் முயலைத் தொட முடியாது, அது சீமானுடையது. அந்த மாதிரிச் சட்டங்களை விட்டு ஓடிவந்தவர்களின் வாரிசுகள்தான் அமெரிக்கர்கள். விலங்கு ஜமீன்தாருக்கு அல்ல, பொதுமக்களுக்குச் சொந்தம் என்று அவர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லத் தகுந்த பெருமைதான். ஆனால் இந்தப் புள்ளிக் கணக்கு ஒரு புதுப் பிரபு வர்க்கத்தை உண்டாக்கியிருக்கிறது. முன்பு யார் வயிற்றில் பிறந்தாய் என்று கேட்டார்கள், இப்போது எந்த வருடம் பிறந்தாய் என்று கேட்கிறார்கள். இன்று பன்னிரண்டு வயதில் பெயர் கொடுக்கும் பிள்ளை, முன்னால் நிற்பவர்களை ஆயுசுக்கும் முந்த முடியாது. அவர்கள் ஒவ்வொருவராகச் சாக வேண்டும், அல்லது சலித்துப்போக வேண்டும்.

"காத்திருந்தவனுக்கு உரிமை இல்லையா?" என்பார்கள். பிரெஞ்சில் த்ருவா அக்கீ என்று ஒரு சொல் உண்டு, ஈட்டிய உரிமை. நிர்வாகத்தில் அதைவிட ஆபத்தான சொல் கிடையாது. முதல் வருடம் புள்ளி கொடுத்தபோது அது ஆறுதல் பரிசு. இருபது வருடம் கழித்து அது சொத்து, எடுத்தால் வழக்கு. அதனால்தான் எந்தத் துறையும் இதைக் கலைக்கத் துணிவதில்லை, மேலே மேலே ஒட்டுப் போடுகிறது.

நியூ மெக்ஸிகோவைப் பாருங்கள், புள்ளியே கிடையாது. வருடாவருடம் புதுக் குலுக்கல். பாட்டனும் பேரனும் ஒரே பானை. ஐடஹோவும் அலாஸ்காவும் குலுக்கல்தான். ஐடஹோவில் மூஸ், மலையாடு கேட்டால் அந்த வருடம் மான், எல்க் குலுக்கலில் நிற்க முடியாது. உண்மையாக வேண்டுமென்பவன் மட்டும் கேட்பான், கூட்டம் தானாகக் குறையும். நான் சொல்வது, கொலராடோவும் மற்றவர்களும் இன்றோடு புதுப் புள்ளி கொடுப்பதை நிறுத்த வேண்டும். இருக்கிற புள்ளிக்காரருக்குப் பாதி டேக் ஒதுக்கி, வருடத்துக்குக் கொஞ்சமாக அந்தப் பாதியைக் குறைத்துக்கொண்டே வந்து ஒரு தேதியில் மூடிவிட வேண்டும். மீதி எல்லாம் குலுக்கல். ஒருமுறை கிடைத்தவர் சில வருடம் ஒதுங்கி நிற்கட்டும். பலருக்குக் கடைசிவரை கிடைக்காது என்பது வாஸ்தவம். இப்போதும் கிடைக்கப்போவதில்லை. குலுக்கலில் அது முதல் நாளே தெரியும், பொய்யாக இருபது வருடம் வளர்க்க வேண்டியதில்லை.

இவ்வளவு சூடு எனக்கு எதற்கு? நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் குவார்ட்டர்ஸ் லிஸ்ட் என் மேஜையில் இருந்தது. வீடு கொஞ்சம், பெயர் நீளம். ஓர் அட்டெண்டர், காலாப்பட்டிலிருந்து சைக்கிளில் வருவார், மாதம் ஒருமுறை என் மேஜை அருகே நின்று, "சார், என் நம்பர் எங்க இருக்கு?" என்று கேட்பார். "வந்துடும்பா, இன்னும் கொஞ்சம்தான்" என்பேன். லிஸ்ட் என் கையெழுத்து. அவர் ஓய்வு பெறும் வருடத்துக்குள் வராது என்று எனக்குத் தெரியும், ஒரு வெள்ளைத்தாளில் வகுத்துப் பார்த்திருந்தேன். அவர் வெளியில் வாடகை வீடு பார்க்காமலேயே பதினோரு வருடம் ஓட்டினார், நம்பர் வந்துவிடும் என்று. ஓய்வு பெற்ற அன்று என்னிடம் வந்து கை கூப்பிவிட்டுப் போனார். அதுதான் கஷ்டமாக இருந்தது.

பக்கத்து வீட்டுக்காரருக்கும் வகுத்துப் பார்த்தேன். அவர் கேட்கும் பகுதியின் கோட்டுக்கும் அவருக்கும் இடையே மூன்று புள்ளி. அவர் வருடத்துக்கு ஒன்று ஏறுகிறார், கோடு முக்கால் ஏறுகிறது. இடைவெளி வருடத்துக்குக் கால் புள்ளிதான் குறைகிறது. பன்னிரண்டு வருடம். அப்போது அவருக்கு வயது 80. ஏழெட்டாயிரம் அடி உயரத்தில், அந்த முழங்காலோடு, 300 கிலோ மிருகத்தைத் துண்டு போட்டுத் தோளில் சுமந்து இறக்க வேண்டும்.

நான் ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் பிரியாவிடைக்கு ஒரு பொட்டலம் எல்க் சாசேஜ் கொண்டுவந்தார். "நீங்கள் கணக்குப் போடுகிறவர் என்று உங்கள் மகன் சொன்னார். எனக்கு எப்போது வரும்?" என்று கேட்டார். தாள் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

"இன்னும் கொஞ்சம்தான்" என்றேன்.

இந்த ஏப்ரலிலும் விண்ணப்பம் போட்டாராம். நேற்று மகன் போனில் சொன்னான், கிடைக்கவில்லை. இப்போது பத்தொன்பது.