தமிழை ஏன் நிறுத்த வேண்டும்?

என் பேரனுக்கு மூன்றரை வயது. ஆட்டிசம் என்று சென்ற ஆண்டு டாக்டர் உறுதி செய்தார். பிறகு விசாரிக்கப் போன ஒரு பள்ளியில், "வீட்டில் தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்றார்கள். தில்லியில் குடியேறிய நம் குடும்பங்கள் இந்த யோசனையை ஏற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இரண்டு மொழிகளைக் கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு மேலும் தாமதப்படுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஒற்றைப் பாதையை இரட்டைப் பாதையாக்கினால் வண்டி தாமதமாவதில்லை! ஆனால் என் மனைவிக்கு ஆங்கிலம் சரளமாக வராது. தமிழை நிறுத்தினால், பேரனிடம் அதிகம் பேசுகிறவர் வாயடைத்துப் போவார். பேச்சு வர வேண்டிய குழந்தைக்கு அதைவிட நஷ்டம் உண்டா? டம்ளர் படத்தைக் காட்டி "தண்ணி வேணுமா கண்ணா?" என்று பாட்டி கேட்கட்டும். பள்ளியின் மொழியைப் பள்ளி கற்றுத் தரட்டும்.

சட்டமும் நமக்குத் துணை. 1995-ம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை; 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் இக்குழந்தைகளைப் பாரபட்சமின்றிச் சேர்த்துக்கொள்ள அரசு ஆவன செய்ய வேண்டும் என்கிறது அது. பாதிப்பு 40 சதவீதத்துக்குக் குறையாது என்று சான்றிதழ் பெற்றால், 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. ஆறு வயது வரை காத்திராமல் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பியுங்கள்.

இடம் கேட்கப் போகும்போது சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள். வீட்டு மொழியை விலையாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.