புளியங்கொட்டையும் மின்கலமும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த வத்திராயிருப்பில் பொழுது விரைவாகச் சாய்கிறது. அடிவானத்தைத் தொடும் முன்னரே கதிரவன் மலைக்குப் பின் மறைகிறான். பிளவக்கல் அணைநீரால் செழிக்கும் வயல்களின் மீது மலைநிழல் படர்கிறது. வீடுகளில் விளக்குகள் ஒளிரத் தொடங்கும் அந்த வேளையில்தான் கூரைமேல் பதித்த சூரியத் தகடுகள் ஓய்ந்துவிடுகின்றன. பகலில் கிடைக்கும் ஆற்றலை இரவுக்குச் சேமிப்பது எவ்வாறு? மாற்று ஆற்றலின் எதிர்காலம் இவ்வினாவின் விடையில் அடங்கியுள்ளது.

மழை பொழியும் காலம் வேறு, பயிர் நீர் கேட்கும் காலம் வேறு என்பதை உணர்ந்த முன்னோர் கண்மாய்களை வெட்டினர். மின்னாற்றலுக்கு மின்கலமே கண்மாய். அக்கண்மாயின் கரையாகவும் மடையாகவும் நிற்பவை பலபடிகள்.

சிறிய மூலக்கூறுகள் சங்கிலியாகப் பிணைந்து உருவாகும் பெரிய மூலக்கூறே பலபடி. நெகிழியும் பஞ்சும் இவ்வகையைச் சேர்ந்தவை. பலபடிகள் மின்சாரத்தைக் கடத்தா என்பதே நெடுங்காலக் கருத்து. தக்க பொருளைச் சேர்த்தால் பாலிஅசிட்டிலீன் என்னும் பலபடி மின்சாரத்தை நன்கு கடத்தும் என்று 1977இல் நிறுவப்பட்டது. இதற்காக ஹீகர், மெக்டயர்மிட், ஷிரகாவா ஆகிய மூவருக்கும் 2000ஆம் ஆண்டில் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

லித்தியம் அயனி மின்கலத்தில் இரு மின்வாய்களும் ஒன்றையொன்று தொட்டால் தீவிபத்து நேரலாம். அவற்றைப் பிரித்து நிறுத்தி, அயனிகளுக்கு மட்டும் வழிவிடுவது நுண்துளைகள் கொண்ட மெல்லிய பலபடிப் படலம். சூரியத் தகட்டின் சில்லுகளைக் காப்பதும், காற்றாலை இறகின் இழைகளைப் பிணைப்பதும், எரிபொருள் கலத்தில் புரோட்டான்களைக் கடத்துவதும் பலபடிகளே. எளிதில் தீப்பற்றும் நீர்ம மின்பகுளிக்கு மாற்றாகத் திண்மப் பலபடி மின்பகுளியும் உருவாகி வருகிறது.

ஆயினும், இப்பலபடிகளுள் பெரும்பாலானவை பெட்ரோலியத்தில் பிறந்தவை; மண்ணில் மட்காதவை. ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்கு 2019 சனவரி 1 முதல் தடைவிதித்த மாநிலம் தமிழ்நாடு. அங்கே தூய ஆற்றலின் பெயரால் மட்காத குப்பை பெருகுவது முறையாகாது. சேமிக்கும் கலமும் தூயதாக இருந்தால்தான் ஆற்றல் தூயதாகும்.

இதற்கு வழிகாட்டும் ஆய்வுகள் தமிழ் மண்ணிலேயே நிகழ்கின்றன. வள்ளல் அழகப்பர் நிலமும் நிதியும் ஈந்ததால் காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கி வருகிறது. கடற்பாசியின் அகர், பழத்தோலின் பெக்டின், புளியங்கொட்டையின் பசைப்பொருள் ஆகியவற்றிலிருந்து மின்பகுளிப் படலங்களைத் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் உருவாக்கியுள்ளனர். நெசவில் பாவுக்குக் கஞ்சியாக உதவிய புளியங்கொட்டை மின்கலத்திற்கும் உதவுவது எண்ணத்தக்கது. புளியை எடுத்தபின் எஞ்சுவது கொட்டை. அதற்காக விளைநிலத்தையோ உணவையோ இழக்க வேண்டியதில்லை.

இயற்கைப் பலபடிகளுக்குக் குறைகளும் உண்டு. அவை ஈரத்தை ஈர்க்கும்; நீர்ம மின்பகுளியைப்போல அயனிகளை விரைந்து கடத்துவதில்லை. ஆய்வகத்தில் வெற்றிபெற்ற படலம் ஆயிரம் முறை மின்னேற்றியும் உழைக்கவேண்டும். குறையைக் காட்டி ஆய்வைக் கைவிடுவது பிழை. குறையை மறைத்துப் புகழ்வதும் பிழையே. பயன்முடிந்த மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் விதிகள் உற்பத்தியாளரிடம் ஒப்படைத்துள்ளன. அவ்விதிகள் சிற்றூர்க் கடைவரை செயல்வடிவம் பெறவேண்டும்.

வத்திராயிருப்புக்கு அருகே கிருஷ்ணன்கோவிலில் பல்கலைக்கழகம் உள்ளது. ஸ்ரீவில்லிபுத்தூரிலும் இராசபாளையத்திலும் கல்லூரிகள் உள்ளன. அவற்றின் ஆய்வுக்கூடங்கள் அடிவார ஊர்களின் விளைபொருள்களையும் கழிவுகளையும் மூலப்பொருளாக நோக்குதல் வேண்டும். மண்ணில் பிறந்து, பணிமுடிந்தபின் மண்ணுக்கே திரும்பும் மின்கலம் உருவாகுமானால், மலைநிழல் படர்ந்த பின்னரும் அவ்வூர்களில் கதிரவனின் ஒளி நிலைக்கும்.