மழை நாள் ரொட்டியும் நம் கடமையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., வேதியியல்

ஐப்பசி பிறந்தால் நெல்லைச் சீமையில் அடைமழை. மழையை வரவேற்பதில் நமக்கு இணை யாருமில்லை. பொருநை பெருகினால்தான் பிசானம். பிசானம் விளைந்தால்தான் சோறு. ஆனால் அதே மழை நாலு நாள் விடாமல் பெய்தால் நம் அடுப்பங்கரைகள் என்ன பாடுபடுகின்றன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மின்சாரம் நின்றுவிடுகிறது, கிரைண்டர் சுற்றுவதில்லை. முன்னாளே ஆட்டி வைத்த மாவோ குளிரில் பொங்காமல் அப்படியே கிடக்கிறது. கடைக்குப் போகவும் வழியில்லை. இத்தகைய நாளுக்கென்று எளிய ரொட்டி ஒன்றை ஒவ்வொரு வீடும் கற்று வைத்திருக்க வேண்டும். அதைக் கற்றுக்கொடுக்கும் கடமை கல்லூரி மாணவர்களாகிய நமக்கு உண்டு. இதுவே என் கருத்து.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களை நம்மில் யார் மறக்க முடியும்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லைச் சந்திப்புப் பேருந்து நிலையம் குளமாயிற்று. குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் சூழ்ந்து மூழ்கடித்தது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் விரைவு வண்டியில் ஏறத்தாழ 800 பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். அக்கம்பக்கத்து ஊர் மக்கள்தாம் கையிலிருந்ததைக் கொண்டு அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். தீவுகளாகிவிட்ட கிராமங்களில் ஹெலிகாப்டரிலிருந்து உணவுப் பொட்டலங்கள் போடப்பட்டன. 1992 நவம்பரிலும் தாமிரபரணி இப்படிப் பெருகியதைப் பெரியவர்கள் இன்றும் சொல்கிறார்கள். வந்த வெள்ளம் இனியும் வரும். வானத்தைப் பார்த்துப் பொட்டலத்துக்குக் காத்திருப்பது ஒன்றுதானா நமக்கு வழி?

ரொட்டி என்றால் நமக்குக் காய்ச்சல்காரனின் உணவு. பேக்கரியில் வாங்கி, பாலில் தொட்டுத் தின்பது. அந்த ரொட்டிக்கு ஈஸ்ட் வேண்டும், பல மணி நேரம் வேண்டும், சூட்டடுப்பு வேண்டும். நான் சொல்லும் ரொட்டிக்கு இவற்றில் ஒன்றுமே வேண்டாம். கோதுமை மாவு, புளித்த மோர், உப்பு, சோடா உப்பு ஆகிய நான்கு பொருள்களே போதும்.

அயர்லாந்து நாட்டு ஏழைக் குடியானவர்களின் ரொட்டி இது. அந்நாட்டு ஈர மண்ணில் விளையும் மென்மையான கோதுமை, ஈஸ்ட் ரொட்டிக்கு அவ்வளவாக ஏற்றதன்று. 1830களிலும் 40களிலும் சோடா உப்பு மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் அவர்கள் அதைப் பற்றிக்கொண்டார்கள். கணப்புத் தணலில் மூடியிட்ட இரும்புச் சட்டியை வைத்து, மூடியின் மேலும் தணலைப் பரப்பிச் சுட்டார்கள். நம் ஊரில் பிரியாணிக்குத் தம் போடுகிறார்களே, அதே முறைதான்! அயர்லாந்தின் வடபகுதியிலோ சட்டிகூட வைக்கவில்லை. மாவை வட்டமாகத் தட்டி, நான்காக அறுத்து, தட்டையான இரும்புக் கல்லிலேயே சுட்டார்கள். அந்தக் கல்லுக்கும் நம் வீட்டுத் தோசைக்கல்லுக்கும் என்ன வேறுபாடு?

இனி இதிலுள்ள வேதியியலைப் பார்ப்போம். சோடா உப்பு என்பது சோடியம் பைகார்பனேட். புளித்த மோரில் லாக்டிக் அமிலம் இருக்கிறது. இரண்டும் ஈரத்தில் சேர்ந்ததும் கார்பன் டை ஆக்சைடு வாயு கிளம்புகிறது. 2.1 கிராம் சோடா உப்பு முழுவதும் வினைப்பட்டால் சுமார் 600 மில்லி லிட்டர் வாயு பிறக்கும். அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. இட்லி மாவைப் பொங்க வைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு வெதுவெதுப்பு வேண்டும். அதனால்தான் மழைக்குளிரில் அவை சோம்பிக் கிடக்கின்றன. அமிலமும் உப்பும் சேரும் வினைக்கோ வெயிலும் மழையும் ஒன்றுதான்.

செய்முறையும் சுருக்கமானதே. கால் கிலோ கோதுமை மாவில் அரைத் தேக்கரண்டி சோடா உப்பும் அதே அளவு சாதா உப்பும் போட்டு நன்றாகக் கலந்துகொள்ள வேண்டும். நன்கு புளித்த கெட்டி மோர் ஒரு தம்ளர் ஊற்றி, மாவு ஒன்று சேரும் அளவுக்கு மட்டும் பிசைய வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல அழுத்திப் பிசைந்தால் வாயு வெளியேறி ரொட்டி கட்டையாகிவிடும். விரற்கடைப் பருமனுக்குத் தட்டி, நான்காக வெட்டி, உடனே கல்லில் போட்டு மூடி, மெல்லிய தீயில் ஒவ்வொரு புறமும் எட்டுப் பத்து நிமிடம் வேக விட வேண்டும். ஈர்க்குச்சியால் குத்தினால் மாவு ஒட்டக் கூடாது. ‘உடனே’ என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். மோர் பட்ட கணமே வாயு கிளம்பிவிடும். அது நமக்காகக் காத்திருக்காது.

வெள்ள நாளில் பால் வராதே, மோருக்கு எங்கே போவது என்று கேட்கலாம். வேதியியல் கைகொடுக்கும் இடம் இதுதான். நமக்கு வேண்டியது மோரன்று, அமிலம். புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது; எலுமிச்சையில் சிட்ரிக் அமிலம் இருக்கிறது. புளி இல்லாத வீடு நெல்லையில் உண்டா? நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து வடிகட்டி, அதில் உடன்குடிக் கருப்பட்டி கொஞ்சம் தட்டிப் போட்டுப் பிசைந்தால், அயர்லாந்துக்காரன் அறியாத பொருநைக்கரை ரொட்டி கிடைத்துவிடும்.

மறுப்புகளும் வரும். “நெல் விளையும் பூமியில் கோதுமை எதற்கு? அடுப்பெரிந்தால் சோறு பொங்கலாமே?” என்பார்கள். சோற்றை யாரும் விடச் சொல்லவில்லை. ஆனால் சோறு பொங்க நிறைய நல்ல தண்ணீர் வேண்டும். வெள்ளத்தில் எங்கு நோக்கினும் தண்ணீர், குடிக்கத்தான் இல்லை! இந்த ரொட்டிக்கு ஒரு தம்ளர் போதும். மறுநாள் வரை கெடாது; துணியில் சுற்றிக் கையில் கொடுத்தனுப்பலாம். வெளியிலிருந்து வந்தது என்பதும் ஒரு குறையாகாது. நம் குழம்பின் மிளகாயே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். மலைக்கு அப்பால் திருவிதாங்கூரில் மரவள்ளிக் கிழங்கு பஞ்ச காலத்தில் ஏழைகளின் உயிரைக் காத்தது. அதுவும் கடல் கடந்து வந்ததே.

“சோடா உப்பு உடம்புக்கு ஆகாது” என்பார் சிலர். இதில் உண்மை இல்லாமலில்லை. அதன் எடையில் நூற்றுக்கு 27 பங்கு சோடியம். இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்கள் விலக்க வேண்டும். மற்றவர்களும் அளவு மீறக் கூடாது. மீறினால் ரொட்டி மஞ்சளித்துச் சவுக்காரம்போல் கசக்கும். சலவைச் சோடா வேறு, சமையல் சோடா வேறு என்பதையும் தெரிந்து வாங்க வேண்டும். இவை எச்சரிக்கைகளே தவிர, தடைகள் அல்ல.

சோடா உப்பும் நமக்கு அந்நியமானதன்று. உப்புக் கரைசலில் அம்மோனியாவையும் கார்பன் டை ஆக்சைடையும் செலுத்தி அதைப் பெறும் சால்வே முறையை நாம் பாடத்தில் படிக்கிறோம். தாமிரபரணி கடலில் கலக்கும் அதே கரையில், தூத்துக்குடியில், உப்பளங்கள் மைல் கணக்கில் பரந்து கிடக்கின்றன. அங்குள்ள கார உப்பு ஆலை ஒன்று, தன் கொதிகலன் புகையிலிருந்தே கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துப் பயன்படுத்தும் அமைப்பை 2016இல் நிறுவியபோது உலகப் பத்திரிகைகள் அதைப் பாராட்டி எழுதின. உலகம் வியந்ததை நாம் வகுப்பில் சமன்பாடாக மட்டும் மனப்பாடம் செய்துகொண்டிருக்கலாமா?

என் தாய் பீடி சுற்றுபவள். பள்ளிக்கூட வாசலை மிதியாதவள். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். ஒருநாள் இந்த வினையை அவளுக்கு விளக்கினேன். “புளிச்ச மோரு ஊத்துனா சோடா உப்பு நுரைக்கும்லா? இதையாலே காலேசுல படிக்க?” என்றாள். அவள் சொன்னதில் தவறொன்றுமில்லை. நுரைக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஏன் நுரைக்கிறது, எவ்வளவு போட வேண்டும், மோர் இல்லாவிட்டால் வேறு எதை ஊற்றலாம் என்பது எனக்குத் தெரியும். இந்த இரண்டு அறிவும் ஒரே அடுப்பின் முன் சந்திக்காவிட்டால், முதல் தலைமுறைப் பட்டதாரி என்று நாம் மார்தட்டிக்கொள்வதில் என்ன பொருள்? படித்தது வீட்டுக்கு வராத படிப்பு, வாய்க்காலில் பாயாத அணைத் தண்ணீர்.

ஆகவே ஒரு வேண்டுகோள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமில் கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்கிறோம், மரக்கன்று நடுகிறோம். நல்லது. அதில் ஒரு மாலைப்பொழுதை இதற்கு ஒதுக்குவோம். ஆற்றங்கரைக் கிராமங்களில் தாய்மார்களோடு ஆண்பிள்ளைகளையும் உட்கார வைத்து, ஒரு கல்லும் ஒரு மூடியும் கொண்டு செய்து காட்டுவோம். ரேஷன் கோதுமையை மழைக்கு முன்பே அரைத்து, சோடா உப்போடு உயரமான பரணில் பத்திரப்படுத்தச் சொல்வோம். வேதியியல் துறைப் பேராசிரியர்கள் அளவுகளைச் சரிபார்த்துத் தந்தால், அரைப் பக்கத் துண்டறிக்கை ஒன்றை நல்ல தமிழில் அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கலாம்.

வெள்ளம் வீட்டுக்குள்ளேயே புகுந்தவர்களுக்கு இந்த ரொட்டி அடுப்பு மூட்டித் தராது. அதை நான் அறிவேன். ஆனால் அவர்களுக்கு அடுத்த தெருவில் அடுப்பு எரியும் வீடு ஒன்று இருக்கும். அந்த வீட்டுக்காரர் அரை மணி நேரத்தில் நாலு பேர் பசியை ஆற்ற முடியுமானால், அதற்கு நாம் படித்த படிப்பு உதவட்டும். அடுத்த ஐப்பசிக்குள் தொடங்குவோம், தோழர்களே!